நகக்கண்ணில் மஞ்சள்

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் போலீசுக்கு முன்னால் வெந்நீர் வந்துவிடுகிறது. தடய அறிவியல் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த வெந்நீரோடுதான் எனக்குச் சண்டை. கழுவுகிறார்கள், துடைக்கிறார்கள், பினாயில் ஊற்றுகிறார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏதாச்சும் கெடைக்குதா பாருங்க மேடம்" என்கிறார்கள். என்ன கிடைக்கும், மண்ணாங்கட்டி!

சிதம்பரத்தில் சிந்துஜா செத்துப்போன வீட்டிலும் இதே கூத்துதான். தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று புருஷன் ராஜ்கமலே இறக்கிப் படுக்கவைத்துவிட்டான். குறிஞ்சிப்பாடியிலிருந்து அவளுடைய அம்மா தைலம்மாள் வந்து சேர்ந்ததும் குளிப்பாட்டவும் செய்துவிட்டார்கள். பிணத்தைத் தூக்க ராஜ்கமல் குனிந்தபோது சட்டைக் காலர் விலகியது. கழுத்தில் நகம் கீறிய கோடுகள். தைலம்மாள் பார்த்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில்தான் போலீஸ் வந்தது.

வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றான் அவன். பெண்டாட்டியை அடிப்பான் என்று தெருவுக்கே தெரியும். வாக்குமூலம் கேட்டபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிரேதப் பரிசோதனையிலும் தூக்கா, நெரித்ததா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மிச்சம் இருந்தது அந்தப் பெண்ணின் விரல்கள். ஒருவரை ஒருவர் தொட்டால் இவரிடமிருந்து அவரிடம் ஏதாவது ஒட்டும், அவரிடமிருந்து இவரிடமும் ஒட்டும். எங்கள் வேலை மொத்தமும் இதில்தான் நிற்கிறது. உயிருக்குப் போராடி அவள் கீறியிருந்தால், அவன் தோல் அவள் நகக்கண்ணில் இருக்கும். நகங்களை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, தைலம்மாள் கடலூரில் எங்கள் அலுவலகத்துக்கே பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"அவன் தோலு கெடச்சுதாம்மா?"

"இல்லம்மா. நகத்துல மஞ்சத்தூளுதான் இருக்குது. யாரு அப்பிடித் தேச்சிக் கழுவுனது?"

அவர் முகம் ஒருமாதிரி ஆனது. "நான்தாம்மா. தொடப்பக் குச்சியால ஒவ்வொரு நகமா எடுத்தேன். காஞ்ச ரத்தமாட்டம் கருப்பா இருந்துச்சி. எம் பொண்ணு எப்பவும் சுத்தமா இருப்பா. அழுக்கோட அனுப்ப மனசு வரல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"அந்தக் குச்சிய எதுல தொடச்சீங்க?"

"முந்தானையில."

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "அந்தப் பொடவை எங்க?"

"சாவுத் தீட்டுப் பொடவையோட வூட்டுக்குள்ள எப்பிடிம்மா நுழையறது? வாசல்லயே நனச்சி, சோப்பு போட்டுத் தொவச்சிட்டேன்."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? குச்சி என்றைக்கோ சாக்கடையோடு போயிருக்கும். ராஜ்கமல் இனி சட்டைக் காலரைத் திறந்துவிட்டுக்கொண்டே ஊரைச் சுற்றலாம்.

"அப்ப அவன் தப்பிச்சிடுவானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இத வெச்சி அவன ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவர் அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

"சுடுதண்ணி வெச்சிக் குடுத்தது அவனோட அம்மாதாம்மா. மத்த பொம்பளைங்க கிட்ட வந்தாங்க, யாரையும் தொட வுடல. ‘பெத்தவ கையால குளிச்சிட்டுப் போவட்டும். நகத்தயெல்லாம் பாத்துச் சுத்தமா எடுத்துடுங்க சம்பந்தி’ன்னு, குச்சியயும் அவளே ஒடிச்சி எங் கையில குடுத்தா. இவளுக்கு எவ்ளோ நல்ல மனசுன்னு, அவ தோள்ல சாஞ்சி அழுதேம்மா."