துடுப்பைக் கீழே வைக்கும் இடம்

வரைபடம் தயாரிக்க வந்த பிரிட்சார்டு, விமானத்திலிருந்து எடுத்த படத்தைக் காலையில் கூடாரத்துக்கு முன்னால் விரித்தான். வழிகாட்டியாக வந்த செஃபிரின் குனிந்து பார்த்தான். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஓடும் ஆற்றில் ஒரு வெள்ளைத் திட்டு.

“இதான் பாஸ், ‘துடுப்பைக் கீழ வைக்கிற எடம்’னு நாங்க சொல்றது,” என்றான் அவன் தம்பி மொதெஸ்த். “எங்காளுங்க அங்க எறங்கி, படகைத் தோள்ல தூக்கிட்டுத்தான் போவாங்க.”

“இவ்ளோ நீளப் பேரை மேப்புல எழுதினா ஏரிக்கு எடமிருக்காதுடா.” பிரிட்சார்டு சிரித்தான். “ஜூன் மாசத்துப் படம். அது உருகாத பனி. இப்ப ஆகஸ்ட்.”

“பனி இல்ல பாஸ், நுரை. தண்ணி பாறையில மோதித் தெறிக்கிறது.”

“போர்ல நாலு வருஷம் இதே மாதிரி படம் பாத்தவன் நான். பயமாயிருந்தா உங்கண்ணனோட நடந்து வா.”

காகிதத்தைப் பார்த்தே ஆற்றைத் தெரிந்துகொள்கிற கெட்டிக்காரன்! மொதெஸ்த் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இருந்தும் பயந்தவன் என்றால் பொறுக்காது. ரோஷத்தோடு படகின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டான். பின்பக்கம் பிரிட்சார்டு. மூட்டைகளைச் சுமந்து செஃபிரின் கரையோரம் ஓடினான்.

வளைவைத் தாண்டியதும் ஆறு படகைப் பிடுங்கிக்கொண்டது. செஃபிரின் கத்தியது இரைச்சலில் எடுபடவில்லை. படகு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. மொதெஸ்தின் தலை ஒருமுறை மேலே வந்தது. நீர் அதைத் திரும்பத் திரும்பக் கல்லில் அடித்தது. இடுப்பளவு நீரில் இறங்கிச் செஃபிரின் கையை நீட்டினான். கையில் சிக்கியது பிரிட்சார்டின் காலர். அந்தப் பாவியைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் தம்பியைக் காணவில்லை.

மதியம் கீழ் ஏரியில் உடல் ஒதுங்கியது. முகம் முகமாக இல்லை. செஃபிரின் அதைத் தன் கோட்டால் மூடினான்.

பிரிட்சார்டு நடுங்கிக்கொண்டே வந்து, கழுத்தில் தொங்கிய தகர உறையிலிருந்து வரைபடத்தை உருவினான். “இந்த ஏரிக்கு உன் தம்பி பேரை வைக்கிறேன். போர்ல செத்த என் ஆளுங்களுக்கும் இப்படித்தான்...”

செஃபிரின் அவன் மூக்கில் குத்தினான். எலும்பு நொறுங்கியது கைக்கே தெரிந்தது. கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, முஷ்டி கிழியும்வரை குத்தினான். பிறகு கல்லைத் தூக்கி ஓங்கினான். கொல்லத்தான் ஓங்கினான்.

பக்கத்தில் கிடந்த வரைபடம் கண்ணில் பட்டது. ஆற்றில் படகு உடைந்த இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. இவன் செத்தால் தாள் இப்படியே தெற்கே, வரைபடம் அச்சிடுகிறவர்களிடம் போகும். அதை நம்பி அடுத்த படகு வரும்.

கல்லை இறக்கி, தாள் காற்றில் பறக்காமல் அதன் ஓரத்தில் வைத்தான்.

“பென்சில எடு.”

“என்ன... என்ன எழுத?” வாயில் ரத்தம் குமிழியிட்டது.

“என் தம்பி சொன்னானே, அந்தப் பேரு. முழுசா எழுது. எடம் பத்தலைன்னா ஏரியை அழிச்சுட்டு எழுது.”

கடைசி எழுத்து விழும்வரை அவன் கழுத்திலிருந்து செஃபிரின் கையை எடுக்கவில்லை.