சனிக்கிழமை வாங்காத பேரிங்

சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாது என்பதில் முத்துகிருஷ்ணன் படு கறார். பாண்டி பஜாரையொட்டிய சந்தில் ஜவுளிக்கடை வைத்த நாளிலிருந்து, சனிக்கிழமை ஒரு குண்டூசி டப்பாகூட அவர் கடைக்குள் நுழைந்ததில்லை. காரின் முன்பக்க இடது சக்கரம் இரண்டு வாரமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தும், காரியம் பாழாய்ப்போன சனிக்கிழமையில்தான் வந்து நின்றது.

அதற்கும் அவர்தான் காரணம். டயர் சத்தம் என்று அடித்துச் சொல்லி நாலு டயரையும் புதுசாக மாற்றினார். சத்தம் போகவில்லை. அவர் மனைவி சந்திரிகாவின் தம்பி ஜவஹர் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சக்கரம் சுழலத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது என்றான். வேகம் கூடினால் இரைச்சல் ஏறுகிறது, வலது பக்கம் திருப்பினால் இன்னும் அலறுகிறது, ஆகவே இடது சக்கரம்தான் என்றான். மச்சினன் தனக்குப் பாடம் எடுப்பதா என்று முத்துகிருஷ்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்.

ஞாயிறு காலை திருச்செந்தூரில் மகள் ஸ்வர்ணலதாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ஜவஹர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லியாயிற்று. சனிக்கிழமை காலை கடைவாசலில் பட்டுப்புடவைப் பைகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் தாயும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தபோது ஜவஹர் மறுபடி ஆரம்பித்தான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேரிங் கிடைக்கும், சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுசும் கெடும், பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்ற வேண்டும், மதியத்துக்குள் முடித்துக் கிளம்பலாம் என்றான். இன்றைக்கு இரும்பு வாங்குவதில்லை, திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றார் முத்துகிருஷ்ணன்.

"ஹைவேல சக்கரம் கழண்டா திங்கக்கெழம யாரு இருப்பா, அத்தான்? பின்னால இருக்கது பிள்ள."

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது இப்படி ஒரு வாயா? பளாரென்று அறைந்தார். ஜவஹர் திருப்பி அடிக்கவில்லை. கடைக்குள் போனான், பார்சல் கட்டு அறுக்கும் கத்தியோடு வந்தான், அந்த இடது சக்கரத்தின் பக்கவாட்டில் ஓங்கிக் குத்தி இழுத்தான். புது டயர் சீறிக்கொண்டு தரையில் படுத்தது.

அதன்பிறகு முத்துகிருஷ்ணனுக்குக் கண்மண் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து அவனைப் பாதி இறக்கியிருந்த ஷட்டரில் மோதினார். வாயில் குத்தினார், பல் ஒன்று உடைந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார். பக்கத்துப் பாத்திரக்கடை ஷாஹுல் ஹமீது ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தும் அவர் கால் நிற்கவில்லை. ஜவஹர் முகத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டு கிடந்தான். காருக்குள் பிள்ளை கத்திய கத்தல் சந்து முழுக்கக் கேட்டது.

அடங்கியதும் வீறாப்போடு ஜாக்கியை வைத்தார். இவன் இல்லாவிட்டால் வண்டி ஓடாதா என்று எல்லாரையும் இறங்கச் சொல்லி, அவரே ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளை முடுக்கினார். ஜாக்கியை இறக்குமுன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடியது. நட்டு லூஸ் என்று நினைத்து, ஸ்பேனர் மேல் ஏறி நின்று முடுக்கினார். மறுபடி ஆட்டினார். அதே ஆட்டம். சுற்றிவிட்டார், உள்ளே மணலை அரைக்கிற சத்தம் வந்தது. ஜவஹர் சொன்ன பேரிங்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இதன் மேல்தானே பிள்ளையை உட்கார வைத்திருப்பேன் என்று நினைத்தபோது வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

ஜவஹர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சந்திரிகா முந்தானையால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரிங் இப்பமே வாங்கிட்டு வாரேன் மாப்ள," என்றார் முத்துகிருஷ்ணன். "சாயங்காலம் சேந்து போவோம்."

பிள்ளை ஓடிப்போய் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவன் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஷட்டரைப் பிடித்து எழுந்தான்.

"உங்க வண்டி இனி ஓடும், அத்தான். காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கோங்க."

விலாவைப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். பிள்ளை அவன் போன திசையில் கையை நீட்டி அழுதது. தூக்க வந்த அப்பாவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.