பிடித்த முகம்

தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் முன் எங்கள் ஜவுளிக்கடை முதலாளிக்குத் திடீரென்று எங்கள் மூளைமேல் அக்கறை வந்துவிட்டது. நின்று நின்று கால் வீங்கிய வருடங்களில் எல்லாம் வராத அக்கறை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மூளைப் பயிற்சி கொடுக்க சித்தார்த் என்று ஒருவரை வரவழைத்தார். தினமும் கடை திறந்ததும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி, மனதுக்கு மிகவும் பிடித்த ஒரு முகத்தை நினைக்க வேண்டுமாம். மூளையில் ஏதோ சுரக்கும், பதற்றம் அடங்கும், வேலையில் கவனம் நிற்கும் என்றார்.

பட்டு செக்‌ஷனில் என் பக்கத்தில் நிற்பவள் நாகஜோதி. நான்கு மாதக் குழந்தையை ஆனையூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவள். அவளுக்குப் பிடித்த முகம் வேறு எது? கண்ணை மூடினாள், பால் சுரந்துவிட்டது. யூனிஃபார்ம் நனைந்து, கையிலிருந்த சந்தனக் கலர் பட்டிலும் சொட்டிவிட்டது.

சூப்பர்வைசர் ஹம்சவேணி அக்கா ஓடிவந்தார். "அடிப்பாவி, இம்புட்டு வெலச் சேலையில! இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா ஒன்னைய நிறுத்திருவாகடி."

"நான் மட்டும் கண்ண மூடாம நிக்கிறேனேக்கா?" என்று கெஞ்சினாள் நாகஜோதி.

"கேமராவுல மொதலாளி பாத்துக்கிட்டே இருப்பாரு. நான் என்ன செய்ய?"

நாகஜோதியின் புருஷன் லோடு ஏற்றும்போது கால் முறிந்து வீட்டில் கிடந்தான். இவள் வேலையும் போனால் அடுப்பு எரியாது. வெட்கத்தை விட்டு சித்தார்த்திடமே போய்ச் சொன்னாள். அந்த மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா சிஸ்டர், சயின்ஸ் எப்படி வேலை செய்யுது!"

"அது வராம இருக்க என்ன செய்யணும் சார்?"

"வேற எதையாவது நினைங்க. மூளையை எப்படிப் பழக்குறோமோ, அப்படித்தான் அது."

பழக்கினாள். குழந்தையின் முகம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அலமாரிச் சேலைகளை வரிசையாகச் சொல்லிக்கொள்வாள். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை. அவள் உதடு அசைவது எனக்கு மட்டும் தெரியும். மெல்ல மெல்ல ஈரம் நின்றது. தீபாவளிக்கு முந்தின வாரம், கவனம் சிதறாத ஊழியர் என்று முதலாளி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

தீபாவளி முடிந்து லீவு கிடைத்த அன்று ஆனையூரில் அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். அது சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி வீறிட்டது.

"புள்ள மொகத்த நெனச்சுக் குடு தாயி, தானா எறங்கும்," என்றார் மாமியார்.

நாகஜோதி கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. அந்த அசைவை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வர மாட்டேங்குதுடி," என்று அழுதாள். "சேலதான் வருது."