ஐம்பதாவது ஆள்

இஸ்ரேலின் ஹைஃபாவில் கடலை நோக்கி இறங்கும் அந்தச் சாலைச் சந்திப்பில், வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஒன்பது பேர் போர் வேண்டாம் என்று பலகை பிடித்து நிற்பார்கள். இரண்டு மணிக்குக் கலைவார்கள். பதினான்கு வருடமாக இதுதான். அரசாங்கங்கள் மாறின, போர்கள் மாறின, அந்த ஒன்பது மட்டும் மாறவில்லை. ஒன்பதும் இடதுசாரிகள், ஆகவே ஒன்பது பேருக்குப் பதினோரு அபிப்பிராயம். பதாகையில் எழுத ஒரே ஒரு வரியை முடிவு செய்ய ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், நிற்க வேறு இடம் இல்லாததால் திரும்பி வந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. அந்த ஒரு மணி நேரம், யார் என்ன திட்டினாலும் வாயே திறக்கக்கூடாது. விதியைச் சொன்னவள் பத்யா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அதற்காக அதிகம் வருந்தியவளும் அவள்தான். பிறவியிலேயே அவளுக்கு வாய் நீளம். வாரா வாரம் கேட்ட வசவுக்கெல்லாம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அருமையான பதில் தோன்றும். ஜன்னல் பக்கம் திரும்பி அதை விழுங்கிவிடுவாள்.

வசவின் பெரும்பங்கு எதிர்ச்சாரியிலிருந்து வரும். அங்கே மோத்தி என்பவன் குளிர்பானமும் சூரியகாந்தி விதையும் விற்கும் பெட்டிக்கடை வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை வந்தால் அவனுக்குக் குரல் திறந்துவிடும்.

"ஏய் பத்யா! இன்னுமா நீங்கல்லாம் செத்துத் தொலையல?"

அவன் மனைவி மஸல் தலையைத் தூக்காமல் சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை, காஸாவில் போர் தொடங்கிப் பதினேழாவது நாள். பத்யா வந்து பலகையைத் தூக்கியபோது வழக்கமான ஒன்பது பேர். பத்து நிமிடத்தில் இருபது. பிறகு கல்லூரிப் பிள்ளைகள், பணி உடுப்போடு இரண்டு நர்சுகள், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர், அரபு வக்கீல் ஒருவர் குடும்பத்தோடு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வந்தார்கள், பலகை கேட்டார்கள், பலகை தீர்ந்ததும் வெறுங்கையோடு நின்றார்கள். பத்யாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை, கண்ணில் நீர் முட்டும் பெருமை.

ஒன்று இருபதுக்குப் போலீஸ் சார்ஜண்ட் வந்தான். விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினான்.

"நாற்பத்தொன்பது. இன்னும் ஒருத்தர் வந்தா ஐம்பது. ஐம்பதுன்னா அனுமதிச் சீட்டு வேணும் மேடம். சீட்டு இல்லேன்னா அடுத்த நிமிஷமே கலைச்சிடுவேன்."

பத்யா தலையை மட்டும் ஆட்டினாள். இந்த ஐம்பது பேர் விதியை மீறும் வசதி அவர்களுக்கு இதுவரை வாய்த்ததில்லை. ஆனால் இன்று விளையாட்டு இல்லை. மழையிலும் முட்டை வீச்சிலும் இரண்டு மணிக்கு முன் கலைந்தது கிடையாது. ஆள் சேர்ந்த முதல் நாளிலேயே அடித்து விரட்டப்பட்டால், இந்த நாற்பது புது முகமும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். மறுபடி வராது. எப்படியாவது இரண்டு மணியைத் தொட வேண்டும்.

ஒன்றரை மணிக்கு மஸல் கடையை விட்டு இறங்கினாள். ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்தபடி சாலையைக் கடந்து நேரே அவர்களிடம் வந்தாள். மோத்தி வாயைத் திறந்தபடி நின்றான்.

"நானும் நிக்கறேன்," என்றாள்.

சார்ஜண்ட் நிமிர்ந்தான். பத்யாவின் பக்கத்தில் நின்ற அஃபீஃபா, பழைய தோழி, மருந்துக் கடை வைத்திருந்தவள், பழக்க தோஷத்தில் வாக்கெடுப்புக்குக் கையைத் தூக்கினாள். பேசக்கூடாதல்லவா, எதற்கு வாக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் பழைய கைகள் ஏழு தாமாகவே உயர்ந்தன. என்னவோ சமிக்ஞை என்று நினைத்து சார்ஜண்ட் இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தான்.

அடுத்த வாரம் வா என்று மஸலை அனுப்பலாம். எதிர்ச்சாரியிலிருந்து இங்கே வர அவளுக்கு எத்தனை வருடம் பிடித்ததோ. திருப்பி அனுப்பினால் அந்தச் சாலையை இனி ஒருநாளும் கடக்கமாட்டாள். பத்யா தன் பலகையை அவள் கையில் கொடுத்தாள். நடைபாதையிலிருந்து இறங்கினாள்.

கால் கூசியது. பதினான்கு வருடத்தில் ஒரு வெள்ளிகூட விட்டதில்லை என்று உள்ளுக்குள் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து, போவதற்கு வேறு இடம் இல்லாமல், மோத்தியின் கடை வாசலில் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

இந்தப் பக்கத்திலிருந்து அவர்களை அவள் பார்த்ததே இல்லை. நாற்பத்தொன்பது பேர், தோளோடு தோள் சேர்த்து, சத்தமில்லாமல். ஐயோ, நாம் இவ்வளவு அழகாகவா இருக்கிறோம் என்று நினைத்தாள்.

"உன் இடத்துல என் பொண்டாட்டி. என் கடையில நீ. திருப்தியா?" என்றான் மோத்தி. அவனுடைய வெள்ளிக்கிழமைக் குரலைக் காணோம்.

"அவளா வந்தா, மோத்தி."

"தெரியும்." ஒரு பாட்டில் மூடியை உருட்டிக்கொண்டே இருந்தான். "எங்க பையன் அஸாஃப் காஸாவுக்குள்ள இருக்கான், டாங்க்ல. போன் வந்து நாலு நாளாச்சு."

பத்யா பதில் தேடுவதற்குள் கடைப் பக்கம் நின்ற நாலைந்து இளைஞர்கள் முந்திக்கொண்டார்கள்.

"ஏய் கிழவி! அவ்வளவு பாசம்னா காஸாவுக்கே போயேன்!" என்று ஒருவன் எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினான்.

சட்டென்று பத்யாவுக்கு உறைத்தது. அவள் இப்போது வரிசையில் இல்லை. விதி அவளைக் கட்டாது.

"போகத்தான் பார்த்தேன் தம்பி, உங்க அரசாங்கம் வழியை அடைச்சு வெச்சிருக்கு. திறக்கச் சொல்லு, போறேன்!"

இளைஞர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். எதிரே அஃபீஃபா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"துரோகிங்க! அந்தக் கடைக்காரியைப் பாரு, புள்ளை சண்டை போடுறான், ஆத்தா எதிரியோட நிக்கிறா!"

"டேய், உனக்கு இருபத்தஞ்சு வயசு இருக்குமா? உன் யூனிஃபார்ம் எங்கடா, சலவைக்குப் போயிருக்கா? புள்ளை உயிரோட வரணும்னு அவ நிக்கிறா. நீ எதுக்கு நிக்கிறே, சொல்லு பார்ப்போம்!"

அவன் மறுபடி வாயெடுப்பதற்குள் மோத்தி கல்லா மேசையைத் தட்டினான். "அது என் சம்சாரம்டா. போங்கடா இங்கேருந்து!"

சத்தம் கேட்டு சார்ஜண்ட் ஓடி வந்தான். "மேடம், நீங்க எந்தப் பக்கம்?"

"அங்க நாற்பத்தொன்பது. ஐம்பதாவது நான். நடுவுல உங்க ரோடு இருக்கு. எந்தச் சட்டத்துல எழுதுவீங்கன்னு யோசிச்சு எழுதுங்க."

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். மணி இரண்டு ஆயிற்று. சார்ஜண்ட் கையைத் தட்டி, "முடிஞ்சுது, கிளம்புங்க" என்றான்.

மஸல் நகரவில்லை. பலகையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தாள். அவளைப் பார்த்து அஃபீஃபா நகரவில்லை; நர்சுகள், வக்கீல் குடும்பம், யாரும் நகரவில்லை. வாக்கெடுப்பு இல்லாமல் அந்தக் கூட்டம் எடுத்த முதல் முடிவு அதுதான்.

"சப்பத் ஓய்வுநாள் வருது, கடையை மூடணும்," என்றான் மோத்தி தணிந்த குரலில். "எப்ப கலைவாங்க?"

"தெரியாது. இப்ப அது உன் சம்சாரம் கையில."

அவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பத்யாவின் பக்கத்தில் போட்டான். அவளுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. அவள் உட்காரவில்லை. அங்கே அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.