இந்தியாவில் தாமண்வாடி எங்கே?

எங்கள் பள்ளியில் சமூக அறிவியலுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். சூடான கிச்சடி வயிற்றில் இறங்கியபின், பானிபட்டில் மூன்று போர் நடந்தாலும் சரி, முப்பது நடந்தாலும் சரி, ஏழாம் வகுப்பு கண்ணைத் திறக்காது. நான் அங்கே கணக்கு வாத்தியார். என் பீரியட் காலையில். அதனால் அந்தப் பாடத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம். உஜ்வலா காம்ப்ளே மாற்றலாகி வந்த பிறகுதான் அந்த இளக்காரத்துக்கு ஆபத்து வந்தது.

ஆசிரியையை எங்கள் மராத்திப் பக்கம் ‘பாயி’ என்று கூப்பிடுவோம், ஆசிரியரை ‘குருஜி’ என்று. உஜ்வலா பாயி ஆள் குள்ளம், குரல் உயரம். சாப்பிட்ட கையோடு பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். உயரமான பையன்கள் நாலு பேர் விந்திய மலையாகக் குனிந்து நிற்பார்கள். ஒருநாள் நர்மதையாக ஓடிவந்த பெண் கால் தடுக்கி விழுந்தாள். “பரவாயில்ல, நதின்னா நடுவுல அருவி இருக்கத்தான் செய்யும். எழுந்து ஓடு” என்றார் பாயி. ஏழாம் வகுப்பு தூங்குவதை நிறுத்திவிட்டது. தூக்கம் என் பீரியடுக்குக் குடிவந்தது.

அந்த வருஷம் பள்ளியின் பின்சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பாயி அதில் ஓர் இந்தியா வரைபடம் வேண்டும் என்றார். சின்னப் படமல்ல, ஆள் உயரப் படம். பிள்ளைகள் கயிறு பிடித்துக் கட்டம் போட்டு, கரித்துண்டால் எல்லையை இழுத்தார்கள். குஜராத்தின் தாடையை மட்டும் மூன்று தடவை அழித்துப் போட்டார்கள். வண்ணம் பூசக் கிசன் பெயிண்டர் வந்தான். லாரிக்குப் பின்னால் ரோஜாப்பூ, தேர்தலுக்குத் தேர்தல் சின்னம், டீக்கடைக்குப் பெயர்ப்பலகை, எல்லாம் அவன் கைதான். கோபமான முகம் மட்டும் அவனுக்கு வராது. அவன் வரைந்த சிங்கம்கூட விருந்துக்கு வந்தது மாதிரிதான் நிற்கும்.

சனிக்கிழமை பாயி மிரஜிலுள்ள தன் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்து பின்சுவரைப் பார்த்தவர் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார்.

இந்தியா அழகாகத்தான் வந்திருந்தது. டெல்லி ஒரு கடுகு. மும்பை ஒரு மிளகு. அதற்குச் சற்றுத் தெற்கே, சிவப்பாக, மஞ்சள் கரை கட்டி, முழு எலுமிச்சம்பழ அளவில் ஒரு வட்டம். பக்கத்தில் அம்புக்குறி போட்டு ‘நம்ம தாமண்வாடி’ என்று எழுதியிருந்தது. வட்டத்தின் ஒரு ஓரம் கர்நாடகத்துக்குள் காலை நீட்டிக்கொண்டிருந்தது.

“கிசன்! என்னய்யா இது?”

“ஊரு, பாயி.”

“ஊரா? இந்த ஊருக்குள்ள கராட், எங்க மிரஜ் எல்லாம் முழுகிப் போச்சே! ஏற்கெனவே ரெண்டு மாநிலத்துக்கும் எல்லைத் தகராறு. நீ வேற புதுசா ஆரம்பிக்கிறியா?”

கிசன் தூரிகையால் காதைச் சொறிந்துகொண்டான். “பாயி, நம்மூர்க்காரன் ஒருத்தன் இந்தச் சுவரு முன்னாடி வந்து நின்னா முதல்ல எதைத் தேடுவான்? டெல்லியையா தேடுவான்? டெல்லி அவனை எப்பவாச்சும் தேடியிருக்கா? அதுவுமில்லாம, தலைவரு சொல்லித்தான் போட்டேன்.”

‘தலைவர்’ என்று அவன் சொன்னது சர்ஜேராவை. ஊராட்சித் தலைவர் உண்மையில் அவருடைய மனைவி இந்துமதி. பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது சர்ஜேராவ் மனைவியை நிறுத்தி ஜெயித்தார். ஜெயித்தது அவர், பதவி அந்த அம்மாவுக்கு, நாற்காலி மறுபடி அவருக்கு. கூட்டங்களில் இந்துமதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேசி நாங்கள் கேட்டதில்லை.

செய்தி எட்டி, சர்ஜேராவ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“பாயி, சுவரு யாருது? ஊராட்சியோடது. பெயிண்டு யாருது? ஊராட்சியோடது. அப்ப ஊரு கொஞ்சம் பெருசா இருந்தா என்ன கெட்டுப் போச்சு?”

“நாளைக்கே மலையும் ஊராட்சியோடதுன்னு சொல்லி இமயமலையை இங்க கொண்டாந்து வெப்பீங்களா, அண்ணா? வரைபடத்துக்கு ஒரு அளவு இருக்கு.”

“அளவு கிளவெல்லாம் நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. இது மக்கள் விருப்பம். வேணும்னா கிராம சபையில வெச்சுக் கேப்போம். பெரும்பான்மை சொல்றதுதானே சட்டம்?”

பாயி மாட்டிக்கொண்டார். போன வாரம்தான் ‘கிராம சபை’ பாடத்தை நடத்தி முடித்திருந்தார். ஊர்ப் பொது விஷயம் எதையும் சபையில் வைக்கலாம் என்று அவரே மரத்தடியில் முழங்கியது எனக்கும் கேட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி, வைங்க” என்றார் பாயி.

சர்ஜேராவ் போனதும் நான் மெல்லக் கேட்டேன். “பாயி, ஓட்டுப் போட்டு ஒன்பதைப் பத்தாக்க முடியாதுன்னு எங்க பாடத்துல ஒரு வசதி இருக்கு. உங்க பாடத்துல எப்படி?”

“நீங்க பேசாம உங்க பின்னத்தைப் பாருங்க, குருஜி” என்றார் பாயி.

அன்று மதியமே அடுத்த வெடி வெடித்தது. எங்கள் பள்ளிக்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் தாமண்வாடி, அந்தப் பக்கம் கொண்டேகாவ். கொண்டேகாவ் பையன் சுயோக் எழுந்து நின்றான்.

“பாயி, தாமண்வாடி இருக்கு, எங்க ஊரு எங்க?”

“உங்க ஊரெல்லாம் ஒரு ஊரா?” என்றாள் தாமண்வாடிப் பிராச்சி. அந்த வகுப்பில் வாய்க்குப் பூட்டில்லாத பெண் அவள்தான்.

“எங்க ஊருதான் பழசு! மராட்டாப் படையோட குதிரைங்க எங்க கிணத்துலதான் தண்ணி குடிச்சுது.”

“ஆதாரம்?” என்று பாயி உடனே பாய்ந்தார். வரலாறு தானாக வந்து மாட்டினால் விடுவாரா? “கல்வெட்டு இருக்கா? யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?”

“எல்லாரும் சொல்றாங்க, பாயி.”

“குடிச்ச குதிரை ஏதாவது சொல்லிச்சா?”

“அந்தக் கிணறு எங்கப்பா சின்னப் பிள்ளையா இருக்கறப்போ வெட்டினது, பாயி!” என்றாள் பிராச்சி. “எங்கப்பாவே மண்ணு சுமந்திருக்காரு.”

“அது வேற கிணறு!”

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பாயி அடக்கவில்லை. ரசித்துக் கேட்டுவிட்டு, “சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல இந்தச் சுவத்துல உங்க ரெண்டு ஊரும் உண்மையில எவ்வளவு பெருசு இருக்கும்னு கண்டுபிடிங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “குருஜி, கொஞ்சம் வாங்க. உங்க பாடத்துக்கும் ஒரு உபயோகம் வந்திருக்கு.”

போனேன். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை எத்தனை கிலோமீட்டர் என்பது புத்தகத்தில் இருந்தது. சுவரை அளந்தோம். வகுத்தோம். மூன்று பேருக்கு மூன்று விடை வந்தது. பிறகு ஒரே விடை வந்தது. கேட்டதும் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்தச் சுவரில் தாமண்வாடி ஒரு கசகசா. கொண்டேகாவும் ஒரு கசகசா. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கசகசா வைக்கலாம், அவ்வளவுதான் தூரம்.

“அப்ப கிசன் மாமா பிரஷ்ஷை லேசா வெச்சாலே ரெண்டு ஊரும் உள்ள போயிடுமா?” என்றான் சுயோக்.

“எவ்வளவு மெல்லிசு பிரஷ்ஷானாலும்” என்றேன்.

பிராச்சியும் சுயோகும் ஒருவரையொருவர் அருவருப்போடு பார்த்துக்கொண்டார்கள்.

கிராம சபை மாருதி கோயில் மண்டபத்தில் கூடியது. தெருவிளக்கு, கால்வாய்த் தூர்வாரல் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் வரும் சபைக்கு அன்று செருப்பு வைக்க இடமில்லை. சாதாரணமாகத் தேர்தல் சமயத்தில்தான் தன்னைத் தேடி ஆள் வரும் என்பதால், கிசன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தூணோரம் நின்றான். நடுவில் சர்ஜேராவ். பக்கத்தில் இந்துமதி, வழக்கம்போல் முக்காட்டோடு.

சர்ஜேராவ் நல்ல பேச்சாளர். தாமண்வாடியின் பெருமை, வீரம், வெல்லம் மூன்றையும் பேசினார். “நம்ம ஊரை ஊசிமுனையாக்கப் பார்க்கிறாங்க!” என்று முடித்தார். கைதட்டல்.

ஏழாம் வகுப்பு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பிராச்சி எழுந்தாள். “ஒரு கேள்வி.”

“உனக்கு ஓட்டு இல்லம்மா, உக்காரு” என்றார் ஒருவர்.

“ஓட்டுப் போட வரல. கேள்வி கேக்கத்தான் வந்தேன். தலைவர்கிட்ட.”

“கேளு, கேளு” என்று சர்ஜேராவ் பெருந்தன்மையாகக் கையை வீசினார்.

“உங்ககிட்ட இல்ல மாமா. தலைவர்கிட்ட.”

மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். பின்னால் பெண்கள் பக்கம் அப்படி யாரும் சிரமப்படவில்லை, நேராகவே சிரித்தார்கள். சர்ஜேராவ் திரும்பி மனைவியைப் பார்த்தார். இந்துமதி முக்காட்டைச் சற்று மேலே தள்ளினார். அவருக்கு இவ்வளவு பெரிய கண்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

“கேளும்மா” என்றார்.

பிராச்சியும் இதை எதிர்பார்க்கவில்லை. “அக்கா, நாங்க கணக்குப் போட்டுப் பார்த்தோம். சரியான அளவுல வெச்சா, நம்ம ஊரும் கொண்டேகாவும் ஒரே புள்ளியில வந்துடுது. பெருசா வெச்சா மிரஜ்வரைக்கும் அழிஞ்சுடுது. எது வேணும்?”

“ஒரே புள்ளியிலயா?”

“ஆமா. பிரிக்கவே முடியாதுன்னு குருஜி சொல்றாரு.”

இந்துமதி சபையைப் பார்த்துத் திரும்பினார். “எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷமாச்சு. ‘உங்க கொண்டேகாவுல இப்படித்தான் பருப்பு வேகவெப்பீங்களா, உங்க கொண்டேகாவுல இப்படித்தான் பேசுவீங்களா’ன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என்னமோ கடல் தாண்டி வந்தவ மாதிரி. பொறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே புள்ளிக்குள்ளதான்னு இவ்வளவு நாளா ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே!”

பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. சர்ஜேராவ் அவசரமாக எழுந்தார். “அதாவது நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“உக்காருங்க” என்றார் இந்துமதி, சாந்தமாக. “பேசணும்னா கையைத் தூக்குங்க. நான் கூப்பிடறேன்.”

அவர் உட்கார்ந்தார். நிஜமாகவே கையைத் தூக்கினார். அந்தக் கையை இந்துமதி கவனிக்க ரொம்ப நேரம் பிடித்தது.

“எலுமிச்சம்பழத்தை அழிச்சிடலாம். பேரு எழுத வேண்டாம், புள்ளி போதும். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றார். கைகள் எழுந்தன. சர்ஜேராவின் கை ஏற்கெனவே மேலே இருந்ததால் அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

மறுநாள் கிசன் வட்டத்தைச் சுரண்டி எடுத்தான். கராடும் மிரஜும் மறுபடி மூச்சுவிட்டன. தன் அணில்வால் தூரிகையில் ஒரு மயிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்து, மூச்சை அடக்கிப் புள்ளி வைத்தான். வைத்துவிட்டு, “இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய சபை நான் பார்த்ததில்ல” என்றான்.

இரண்டு ஊர்க்காரர்களும் சாரிசாரியாக வந்து பார்த்தார்கள். பெரும்பாலோர் கண்ணுக்குப் புள்ளி அகப்படவில்லை. அதனால் யாருக்கும் மனக்குறை இல்லை. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, “உங்க ஊர் எங்கே இருக்கு?” என்று கேட்டார். சர்ஜேராவ் நம்பிக்கையோடு ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அது சுவரில் ஒட்டியிருந்த ஒரு கொசு. அதிகாரி குனிந்து பார்த்து, “பிரமாதமான துல்லியம்” என்று பாராட்டிவிட்டுப் போனார். பாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

அடுத்த கிராம சபைக்கு இந்துமதி தானே விஷயம் கொண்டுவந்தார். “புள்ளி ஒண்ணுதான், சரி. ஆனா அந்தப் புள்ளிக்குள்ள ஒரு ஓடை ஓடுது. மழைக்காலத்துல கொண்டேகாவ் பிள்ளைங்க புத்தகப்பையைத் தலையில வெச்சுக்கிட்டு அதுல இறங்கி வருதுங்க. நானும் அப்படித்தான் படிக்க வந்தேன். நாலாவதோட நின்னதும் அதனாலதான்.” கொண்டேகாவ்காரர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு பேசினார். இரண்டு ஊராட்சியும் சேர்ந்து ஒரு நடைபாலம் கேட்பது என்று முடிவாயிற்று. மாவட்ட அலுவலகத்துக்கு அவரே போனார். சர்ஜேராவ் வண்டி ஓட்டினார். உள்ளே அவரையும் கூப்பிட்டார்களா என்று கேட்டதற்கு, “வண்டியைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல?” என்றார்.

பாலம் இந்தக் கோடையில் எழும்பிவிட்டது. கைப்பிடிக் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி. அது தாமண்வாடிப் பாலமா, கொண்டேகாவ்ப் பாலமா என்பதில் இரண்டு ஊருக்கும் இப்போது பேச்சு நின்றிருக்கிறது. பாயி ஏழாம் வகுப்பை ஓடைக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார், டேப்போடு. ஓடையின் நடுக்கோடு எங்கே வருகிறது என்று அளக்க வேண்டுமாம்.