மாமனார் பேரில் ஒரு கார்

சேமிப்பைத் தானே பெற்று வளர்த்ததுபோல் பேசுவார் மாப்பிள்ளை. அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் நாலு பேர் சிக்கினால் போதும், கார் இன்சூரன்ஸில் பாதிக்குப் பாதி மிச்சம் பிடித்த பிரதாபம் தொடங்கிவிடும்.

"கம்பெனிக்காரன் வண்டியப் பாக்கிறதில்ல சார், ஆளைத்தான் பாக்கிறான். ஆளை மாத்துங்க, பிரீமியம் தானா இறங்கும்."

அவர் மாற்றிய ஆள், மாமனார். ஓய்வு பெற்றவர், லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து வண்டியில் கீறல் விழ விடாதவர். தன் காசில் வாங்கிய காரை அவர் பேரில் பதிந்து, ஓட்டுவதும் அவரே என்று கம்பெனியிடம் சொல்லியாயிற்று. உண்மையில் மாமனாருக்கு அந்தக் காரில் கிடைத்ததெல்லாம், காய்கறிப் பைகள் போக மிஞ்சிய பின்சீட்டு.

ஒரே வீடுதான், ஆனால் இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எதுவானாலும், ஒருவருக்கு மகளும் மற்றவருக்கு மனைவியுமாக நடுவில் இருப்பவள் வழியாகத்தான் போகும், வரும்.

இந்த லட்சணத்தில், கடைத்தெருவில் செல்போனைப் பார்த்துக்கொண்டே விளக்குக் கம்பத்தில் முட்டினார் மாப்பிள்ளை. கம்பத்துக்கு ஒன்றுமில்லை. காரின் முகம் கோணிப்போயிற்று. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டதும் மாப்பிள்ளையின் முகமும் அதற்கு ஜோடியாயிற்று. தான் ஓட்டியதாகச் சொன்னால் கம்பெனி தோண்ட ஆரம்பிக்கும். தோண்டினால் எல்லாம் வெளியே வரும்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. நாளைக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் சேதத்தைப் பாக்க வராரு. நான்தான் ஓட்டினேன், கை தவறிடுச்சுன்னு சொன்னா போதும்."

எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் சுவரைப் பார்த்தார். "உன் புருஷன்கிட்ட சொல்லும்மா. நட்ட கம்பம் தெரியாத அளவுக்கு எனக்கு இன்னும் கண்ணு போகல."

"வயசானவர் மோதினா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்கன்னு சொல்லு."

"உன்னைப் பொண்ணு கேக்கறப்ப மட்டும் என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரே, அது எப்படின்னு கேளு."

மகள் தட்டை ணங்கென்று வைத்தாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வாய் வலிக்குது."

விளக்கெண்ணெய் குடித்தவர்போல் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மாமா... கொஞ்சம் உதவி பண்ணுங்க."

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார் மாப்பிள்ளை.

மறுநாள் சர்வேயர் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "ஓனர் யாருங்க?"

"நான்தான்." மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்தார். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பியது.

"மோதினதும் நீங்கதானா?"

"நானா? நான் வீட்ல பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மாப்பிள்ளைதான் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

சர்வேயர் திரும்பினார். "அப்படிங்களா சார்?"

இல்லை, வண்டி என்னுடையதுதான் என்றால் இத்தனை வருடப் பொய் அம்பலமாகும். ஆமாம் என்றால், தன் காரைத் தானே திருடியவர் ஆகவேண்டும். சேமிப்பு நிபுணர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"ஆமா."

"ஓனர் சம்மதிச்சு வேற ஆள் ஓட்டியிருந்தா பணம் வரும். சம்மதம் இல்லன்னா வராது. பெரியவரே, என்ன சொல்றீங்க?"

மாமனார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். உள்ளங்கையை மட்டும் நீட்டினார். மாப்பிள்ளை பாக்கெட்டைத் துழாவி, கார் சாவியை அதில் வைத்தார்.

"சம்மதிச்சேன்னே எழுதிக்குங்க. பிள்ளைங்கன்னா அப்படித்தான்."

சர்வேயர் போனதும் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மாமா, ஆபீசுக்கு நேரமாச்சு. சாவி..."

மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் புருஷன்கிட்ட சொல்லும்மா. இப்பவே ஓடினா பஸ்ஸப் புடிச்சிடலாம்."