'குறைவு' என்ற கட்டம்

ஆவடி குவார்ட்டர்ஸில் லோகநாயகியிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பரவாயில்லை." தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை, மாமியார் காரணமில்லாமல் ஏசினாலும் பரவாயில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உள்ள பழக்கம்.

அவள் கைமூட்டுகளை வீங்கவைத்த முடக்குவாதத்துக்குப் புதிதாகச் செய்த ஹார்மோன் மாத்திரையைச் சோதிக்கும் மருத்துவமனையில் அந்தச் சொல் வேறு வேலை செய்தது. மாதம் ஒருமுறை டாக்டர், "வலி எப்படியிருக்கு?" என்பார். அவள் வழக்கமான பதிலைச் சொல்வாள். அவர் 'குறைவு' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். பிறகு கைப்பிடியின் பலம் பார்க்க, பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக் கொடுத்து அமுக்கச் சொல்வார். பரீட்சை என்றால் தோற்கக்கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரப் போர்வையைப் பிழிவதுபோல் பிழிவாள். பாதரசம் ஏறும். "வெரி குட்!" என்பார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் டம்ளரைத் தூக்க முடியாது.

சோதனைக்காகப் பழைய வலி மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். வலி கூடியதாகப் பதிந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இப்படியேதான். ஆறாவது முறையாக வந்திருந்த அன்றுதான் அதை முடிவு செய்யும் நாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருந்த குமணன்சாவடி நாகம்மாள் அவள் விரல்களைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இப்டி வீங்கிகினு கீது! உள்ள போயி இன்னிக்கும் பரவால்லன்னுதான் சொல்லுவியா?"

"அவ்வளவு படிச்சவரு. மனசு கஷ்டப்படும்ல."

"ஆமா, உனக்கு வலிச்சா அவுருக்குத்தான் நோவும்!"

உள்ளே டாக்டர் கேட்டதும் கூட வந்த கணவன் கஜபதி முந்திக்கொண்டான். "பரவாயில்ல சார். முந்தாநாள்கூட இட்லிக்கு மாவாட்டினா."

ஆட்டியது உண்மைதான். ஆட்டும்போது அழுததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே கூட அதை வெங்காயம் என்று சொல்லிவைத்திருந்தாள், அன்று வீட்டில் வெங்காயமே இல்லாதபோதும்.

"வலிக்குது," என்றாள். யாருடைய குரல் என்று அவளே ஒரு கணம் திகைத்தாள்.

"எப்பலேருந்து?"

"நீங்க டிக் அடிச்ச எல்லா மாசமும்."

டாக்டர் தாள்களைப் புரட்டினார். ஐந்து 'குறைவு'கள் வரிசையாக நின்றன. அவற்றை அழித்துத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை. ஆறாவதாக 'அதிகம்' என்று குறித்தார். கீழே 'பக்கவிளைவுகள்' என்ற இடத்தில் எழுதினார்: 'நோயாளி குறை சொல்லத் தொடங்கியிருக்கிறார்.'

எட்டிப் பார்த்த கஜபதிக்கு முகம் வெளிறியது.

"இது எத்தனை நாள்ல சரியாகும் சார்?"

டாக்டர் பழைய மாத்திரைக்குச் சீட்டு எழுதினார். லோகநாயகி அதைக் கணவன் கைக்குப் போகவிடாமல் தானே வாங்கிக்கொண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தேடி நடந்தாள்.